தலைமைக்குரியார் யார்? பொது வைத்தியர்களின் இதயநலச் சங்கம் குறித்து ஓர் அறவியல் நோக்கு

அறிந்தவனே ஆளத்தக்கவன் என்னும் கருத்து மேலைத்தேய மெய்யியலில் பிளேற்றோவின் காலந்தொட்டு வேரூன்றியதாகும். அதனை நிறுவுவதற்கு அவர் பெரிதும் கையாண்ட உவமைகள் இரண்டு. ஒன்று மாலுமி, மற்றையது வைத்தியன். கடலையும் காற்றையும் அறிந்தவனிடம் சுக்கானை ஒப்படைப்பது போலவும், உடலை அறிந்தவனிடம் நோயாளன் தன்னை ஒப்படைப்பது போலவும், அரசும் அறிவுடையோனிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும் என்பது அவர் வாதம். ஆயின் வைத்தியர்களே ஒரு சங்கமாகக் கூடித் தமக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர முற்படும்போது இவ்வுவமை கைகொடுப்பதில்லை. அக்கப்பலில் உள்ளோர் யாவரும் மாலுமிகளே. எத்தகைய அறிவு தலைமைக்குரிய அறிவு என்பதே அங்கு எழும் வினா.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்ற இடங்களுள் ஒன்று, பொது வைத்தியர்கள் இதயநோய்ப் பராமரிப்புக்கென அமைத்துக்கொள்ளும் சங்கமாகும். பிரித்தானியாவில் 1948ஆம் ஆண்டு தேசிய சுகாதார சேவை நிறுவப்பட்ட காலந்தொட்டு, குடிமக்கள் தத்தம் பிரதேசத்துப் பொது வைத்தியரிடம் தம்மைப் பதிவுசெய்து கொள்கின்றனர். உயர் குருதியமுக்கம் உடையவரையும், மாரடைப்பிலிருந்து தப்பி வீடு திரும்பியவரையும், இதயம் தளர்ந்து மூச்சிரைப்பவரையும் ஆண்டுக்கணக்கிற் பார்த்து வருபவர் இப்பொது வைத்தியரே. வைத்தியசாலையிலுள்ள இதய நிபுணர் அவர்களைக் காண்பது சில பொழுதுகளில் மட்டும். இந்நிலைமையைக் கருத்திற்கொண்டு அமைந்ததே அங்குள்ள முதனிலைப் பராமரிப்பு இதய இரத்தநாளச் சங்கம். 1990களில் தோன்றி, இடையிலே ஓய்ந்து, 2019ஆம் ஆண்டில் அது புத்துயிர் பெற்றது. வைத்தியர்களுடன் தாதியரும் மருந்தாளரும் அதில் உறுப்புரிமை பெறலாம். அத்தகைய சங்கம் ஒன்றின் பெயரிலேயே ஒரு முரண் பொதிந்துள்ளது. பொது வைத்தியம் என்பது முழு மனிதனையும் பொறுப்பேற்பது. இதயம் என்பது ஓர் உறுப்பு. முழுமையைத் தொழிலாகக் கொண்டோர் ஓர் உறுப்பின் பெயராற் கூடும்போது, அவர்களுக்குத் தலைமை தாங்கும் தகுதி அவ்வுறுப்பை நன்கறிந்தவருக்கா, முழு மனிதரோடு நெடுநாட் பழகியவருக்கா உரியது?

முதலாவது விடைக்கு வரலாற்றில் ஆதரவு மிகுதி. 1922ஆம் ஆண்டு பிரித்தானிய இதய வைத்தியர்கள் சிலர் கூடி அமைத்த இதயக் கழகம், வைத்தியசாலை வைத்தியர்களின் சிறு குழாமாகவே இருந்தது. 1937இல் அது சங்கமாக விரிந்தபோதும் அதன் தலைமை நிபுணர் வசமே இருந்தது. அதில் வியப்பேதும் இல்லை. வியப்புக்குரியது, பொது வைத்தியர் தமக்கென ஒரு கல்லூரியை அமைக்க விழைந்தபோது எழுந்த எதிர்ப்பே. பழைமை வாய்ந்த மூன்று றோயல் கல்லூரிகளும் அதனை விரும்பவில்லை. அவ்வெதிர்ப்பையும் மீறி 1952இல் பொது வைத்தியர் கல்லூரி தோன்றியது. எனினும் ஆறாண்டுகளின் பின், வைத்தியர்களின் ஊதியத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த மோறன் பிரபு, நிபுணத்துவம் என்னும் ஏணியில் ஏற முயன்று இடையில் விழுந்தவர்களே பொது வைத்தியராகின்றனர் என்னும் கருத்துப்படப் பேசினார். மோறன் சாமானியரல்லர், வைத்தியர்களின் றோயல் கல்லூரிக்கு ஒன்பதாண்டுக் காலம் தலைவராக விளங்கியவர், சேர்ச்சிலின் வைத்தியர். அக்கூற்று பொது வைத்தியரிடையே பெருஞ்சினத்தை மூட்டியது. சினம் நியாயமானதே. ஆயினும் ஏணி என்னும் அவ்வுருவகத்தைச் சினந்தோர் யாவரும் கைவிட்டனர் என்று கூறுதல் இயலாது. பொது வைத்தியருள்ளும் இதயத்தைப் பற்றி மற்றவரினும் சற்றுக் கூடுதலாகக் கற்றவர் மேற்படியில் நிற்பவராகவும், அதனாலேயே தலைமைக்குரியவராகவும் கருதப்படும் வழக்கம் அவ்வேணியின் எச்சமேயாகும்.

ஈண்டு ஜேம்ஸ் மக்கென்சியின் வாழ்வு ஆழ்ந்து நோக்கற்பாலது. 1853இல் ஸ்கொத்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்த இவர், 1879 முதல் 1907 வரை, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள், பருத்தி ஆலைகள் நிறைந்த பேர்ண்லி நகரிற் பொது வைத்தியராகத் தொழில் புரிந்தார். தொழிலின் தொடக்க காலத்தில் இதயநோயுற்ற இளம்பெண் ஒருத்தி பிரசவ வேளையில் அவர் கண்முன்னே உயிர்நீத்தாள் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அம்மரணத்தை முன்கூட்டி உணர்ந்திருக்க முடியுமா என்பதே அவரை வாட்டிய கேள்வி. பாடநூல்கள் இதயத்தின் ஒலிகளைப் பெயரிட்டு வகைப்படுத்தின. அவற்றுள் எது ஆபத்தானது, எது ஆபத்தற்றது என்பதை அவை கூறவில்லை. கூறவும் இயலாது. ஒருவரிடம் இன்று கேட்ட ஒலி பத்தாண்டுகளின் பின் அவரை எங்கு கொண்டு சேர்த்தது என்பதை அறிந்தவரே அதற்கு விடை கூறலாம். வைத்தியசாலை நிபுணருக்கு அவ்வாய்ப்பு இல்லை. நோயாளி கட்டிலை விட்டு இறங்கியதும் அவருடைய பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றான். பேர்ண்லி வைத்தியருக்கோ அந்நோயாளி அடுத்த தெருவில் இருந்தான்.

மக்கென்சி காத்திருந்தார். உள்ளூர்க் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் துணையோடு, மணிக்கட்டு நாடியின் துடிப்பையும் கழுத்து நாளத்தின் துடிப்பையும் ஒருசேர மையினால் வரையும் கருவியொன்றை ஆக்கினார். துடிப்புத் தவறுவோரை ஆண்டுகள் பலவாகத் தொடர்ந்து அவதானித்து, அத்தவறுகளுட் பல தீங்கற்றவை என்று கண்டார். மிகைத்துடிப்பு ஒன்றிரண்டு தோன்றியமையாற் படுக்கையிற் கிடத்தப்பட்டு அச்சத்தில் வாழ்ந்தோர் பலருக்கு அது விடுதலை அளித்த கண்டுபிடிப்பு. 1902இல் வெளிவந்த நாடி பற்றிய அவரது நூல் வைத்திய உலகில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. ஒரு பொது வைத்தியர் இதயம் பற்றி நிபுணருக்குக் கற்பித்தார் என்றால், நிபுணரினும் கூடுதலாகப் படித்தமையால் அன்று. நிபுணருக்கு வாய்க்காத காலநீட்சி அவருக்கு வாய்த்தமையால் எனலாம்.

ஆயின் இவ்வரலாற்றைப் பொது வைத்தியரின் வெற்றிக்கதையாக மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையாகாது. வாதநோயால் இருகூர் வால்வு சுருங்கியிருந்த நோயாளி ஒருவரை மக்கென்சி நெடுங்காலம் அவதானித்து வந்தார். 1890களின் பிற்பகுதியில் அந்நோயாளியின் துடிப்பு திடீரென முற்றிலும் ஒழுங்கற்றதாயிற்று. சோணையறை சுருங்குவதற்கு அறிகுறியாகிய அலை கழுத்து நாள வரைவிலிருந்து மறைந்தது. மாற்றம் நிகழ்ந்த தருணத்தை அறிந்து கூறத்தக்கவர் அவரே. ஆனால் அதற்கு அவர் கூறிய விளக்கம் தவறானது. சோணையறை செயலற்றுப்போயிற்று என்று அவர் கருதினார். அது செயலற்றுப் போகவில்லை, கட்டுக்கடங்காது நடுங்குகின்றது என்பதை 1909இல் மின்னிதயவரைவியின் துணைகொண்டு தோமஸ் லூயிஸ் முதலியோர் காட்டினர். நோயாளனோடு உடனிருந்தமை மாற்றத்தைக் காட்டியது. உறுப்பை நுணுகி நோக்கிய கருவி அதன் காரணத்தைக் காட்டியது. உடனிருப்பே போதும், நுண்ணறிவு வேண்டா என்று பொது வைத்தியர் ஒருவர் பெருமை பேசுவாராயின், மக்கென்சியின் வாழ்வு அவருக்குச் சான்று பகராது.

இதனினும் முக்கியமானது அவர் வாழ்வின் பிற்பகுதி. 1907இல், தமது ஐம்பத்து நான்காவது வயதில், அவர் இலண்டனுக்குச் சென்று இதய நிபுணரானார். பட்டமும் புகழும் செல்வமும் வந்தன. பதினோராண்டுகளின் பின் அவை யாவற்றையும் விடுத்து ஸ்கொத்லாந்தின் சென். அன்றூஸ் என்னும் சிறு நகருக்குச் சென்று, அங்குள்ள பொது வைத்தியர்களை ஒன்றுசேர்த்து 1919இல் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். நோய் முற்றியபின் நிபுணரிடம் வருகின்றது. அதன் தொடக்கம் பொது வைத்தியரிடமே தெரிகின்றது. ஆகவே தொடக்கத்தை ஆராயவேண்டின் ஆய்வு அங்குதான் நிகழவேண்டும் என்பது அவர் கொள்கை. பொது வைத்தியர்களைக் கூட்டி, அவர்தம் அவதானங்களை அறிவாக மாற்ற முயன்ற அந்நிலையத்தை, இன்றைய சங்கங்களுக்கு ஒரு முன்னோடி எனலாம். அதற்குத் தலைமை தாங்கியவர் இருவகை அறிவும் உடையவர். எனினும் 1925இல் அவர் மறைந்தபின் அந்நிலையம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு மனிதரின் பெருமையில் தங்கிநின்ற தலைமைக்கு வழமையாக நேர்வதே அதற்கும் நேர்ந்தது.

வைத்தியன் குணப்படுத்துவது 'மனிதன்' என்னும் பொதுமையை அன்று; கல்லியாசையோ சோக்கிரதீசையோ, பெயருடைய ஒருவரையே அவன் குணப்படுத்துகின்றான் என அரிஸ்ரோட்டில் கூறியுள்ளார். அனுபவமின்றிப் பொதுவிதியை மட்டும் அறிந்தவன் சிகிச்சையில் தவறுவான் என்பது அதனாற் பெறப்படும். அதே இடத்தில் அவர் மற்றொன்றையும் கூறுகின்றார்: காரணம் அறிந்தவனே பிறருக்குக் கற்பிக்க வல்லவன். சங்கத் தலைமை என்பது சிகிச்சையா, கற்பித்தலா? பிறருக்கு நெறி வகுத்தல், பயிற்சியளித்தல், அரசிடம் வாதாடுதல் ஆகியவற்றையே அது பெரிதும் உள்ளடக்குகின்றது. அவ்வாறாயின் நிபுணத்துவத்தின் பக்கம் தராசு சாயும் போலத் தோன்றும். அது அவ்வாறு சாயாதிருத்தற்கு வேறொரு காரணம் காட்டப்படல் வேண்டும். அக்காரணத்தை அறிவிலன்றிப் பொறுப்பிலேயே தேடவேண்டும்.

தென் வேல்ஸ் பகுதியிலுள்ள கிளின்கொரூக் என்னும் சுரங்கக் கிராமத்தில் 1961 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பொது வைத்தியராகப் பணியாற்றியவர் ஜூலியன் ரியூடர் ஹாட். ஏறத்தாழ 2000 மக்கள் வாழ்ந்த அக்கிராமத்தில், நோயென்று வந்தவரை மட்டுமன்றித் தம்மிடம் பதிவுசெய்திருந்த வளர்ந்தோர் யாவரினதும் குருதியமுக்கத்தை அளந்துவிடுவது என அவர் முடிவு செய்தார். இருமலுக்காக வந்தவரையும் அளந்தார். கைக்காயத்திற்காக வந்தவரையும் அளந்தார். வராதோரைத் தேடிச் சென்றார். உயர் குருதியமுக்கம் வலியற்ற நோய். அது உடையவர் தாமாக வைத்தியரை நாடுவதற்கு யாதொரு காரணமும் இல்லை. அக்கால வைத்தியர் அரைக்கணக்கு ஒன்றைக் கூறுவதுண்டு: அந்நோயுடையோருட் பாதிப்பேர் கண்டறியப்படுவதில்லை, கண்டறியப்பட்டோருட் பாதிப்பேர் சிகிச்சை பெறுவதில்லை, சிகிச்சை பெறுவோருட் பாதிப்பேருக்கு அமுக்கம் போதியளவு குறைவதில்லை. 800 பேர் உள்ள இடத்தில் உண்மையிற் பயன்பெறுவோர் 100 பேர் என்பது இதன் பொருள். எஞ்சிய 700 பேரும் எந்த நிபுணரின் அறைக்கும் வரமாட்டார்கள், வருங்காலத்தில் மாரடைப்போடு வந்தாலன்றி.

நல்ல வைத்தியப் பராமரிப்பு, அதனை மிகுதியாக வேண்டிநிற்கும் மக்களுக்கே குறைவாகக் கிடைக்கின்றது என்று 1971இல் ஹாட் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. புகழ் பெறாதது, அவர் ஆண்டுதோறும் அதே கதவுகளைத் தட்டிய உழைப்பு. 1991இல் அவரும் உடனுழைத்தோரும் வெளியிட்ட இருபத்தைந்து ஆண்டுக் கணக்கின்படி, இத்தகைய தேடல் நிகழாத அண்டைக் கிராமத்திலும் பார்க்கக் கிளின்கொரூக்கில் இறப்பு குறைவாக இருந்தது. ஒரு கிராமத்தின் கணக்கைக் கொண்டு உலகுக்கு விதி செய்ய இயலாது என்பது உண்மையே. ஆயினும் அங்கு வெளிப்பட்ட அறக்கருத்து கணக்கிலே தங்கியிருக்கவில்லை. பதிவேட்டிற் பெயருள்ள ஒவ்வொருவருக்கும், அவர் வந்தாலும் வராவிடினும், வைத்தியர் பொறுப்பாளி என்பதே அது. நிபுணரின் பொறுப்பு வாயிலில் நுழைந்தவரோடு தொடங்குகின்றது. பொது வைத்தியரின் பொறுப்பு நுழையாதவரோடும் உள்ளது.

இக்கருத்து எத்துணை எளிதில் நழுவிவிடும் என்பதற்குப் பிற்கால நிகழ்வொன்று சான்று. 2004ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு பொது வைத்தியரோடு புதிய ஒப்பந்தமொன்றைச் செய்தது. குருதியமுக்கத்தை அளந்து பதிதல், குறித்த அளவுக்குக் குறைத்தல் முதலிய இலக்குகளுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. புள்ளிக்குப் பணம் வழங்கப்பட்டது. ஹாட் தனியொருவராக ஒரு கிராமத்தில் ஆற்றிய பணியை நாடு முழுவதற்கும் விரிக்க இது உதவியது என்பதை மறுத்தலாகாது. ஆயின் அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று முறை அழைத்தும் வராத நோயாளரைக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். விலக்கியபின் எஞ்சியோருள் எத்தனை வீதத்தினர் இலக்கை எட்டினர் என்பதே பார்க்கப்படும். கிளின்கொரூக்கில் எவரைத் தேடுவது பணியின் உயிர்நாடியாக இருந்ததோ, அவரே இங்கு கணக்கைக் கெடுக்காதவாறு அகற்றப்படத்தக்கவரானார்.

அவ்விதிக்கு நியாயம் இல்லாமலில்லை. அளக்கப்படாதிருக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு. வைத்தியரின் வருமானம் தன் மறுப்பினாற் குறையுமாயின், அவர் தன்னை வற்புறுத்துவார் என அவர் அஞ்சுதல் இயல்பு. அவ்வற்புறுத்தலிலிருந்து இவ்விதி காத்தது. அழைக்காமலே வீடுதேடி வந்து கையிற் பட்டையைக் கட்டும் வைத்தியரை எல்லோரும் வரவேற்பர் என்று கொள்ளுதல் பேதைமை. ஹாட்டின் தேடலை அம்மக்கள் ஏற்றமைக்கு, அவர் அக்கிராமத்திலேயே குடியிருந்து அவர்களுள் ஒருவராய் வாழ்ந்தமை பெருங் காரணமாயிருத்தல் வேண்டும். அயலவன் கதவைத் தட்டுதல் வேறு. அலுவலகம் கடிதம் அனுப்புதல் வேறு. மறுப்பது ஒருவருடைய உரிமை. மறுத்தாரா, கடிதம் அவரை எட்டவில்லையா, வேலை நேரத்தில் வர இயலாதிருந்தாரா, அஞ்சினாரா என அறியாமலே அவரை மறுத்தவராகக் கொள்ளுதல் பராமரிப்பவரின் வசதி. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியவல்லவர் அம்மனிதரைப் பெயர்சொல்லி அறிந்தவர் மட்டுமே.

சங்கத் தலைமைக்கு இதனோடு நேரடித் தொடர்புண்டு. எது அளக்கப்படவேண்டும், எவரை எண்ணிக்கையிற் சேர்க்கவேண்டும், எந்த எல்லைக்கு மேல் மருந்து கொடுக்கவேண்டும் என்பன போன்ற வினாக்களில் அரசும் பிற நிறுவனங்களும் இத்தகைய சங்கங்களின் குரலுக்குச் செவிசாய்க்கின்றன. 2014ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்துகளைப் பரிந்துரைக்கும் எல்லை, பத்தாண்டுகளில் இதயநோய் ஏற்படும் சாத்தியம் 20 வீதம் என்பதிலிருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு சொல் மாற்றத்தால் நலமாயிருந்த பல இலட்சம் பேர் மருந்துக்குரியவராயினர். பொது வைத்தியரிடையே எதிர்ப்பும் எழுந்தது, ஆதரவும் எழுந்தது. இருசாராரிடமும் நல்ல நியாயங்கள் இருந்தன. இத்தகைய வேளையிலே தலைவரின் கூற்று எதிலிருந்து பிறக்கின்றது என்பதை உறுப்பினர் ஐயுறாதிருத்தல் வேண்டும். மருந்து உற்பத்தியாளரிடம் சொற்பொழிவுக் கட்டணம் பெறும் ஒருவர் கூறும் உண்மையும் உண்மையே. எனினும் அது உண்மைதானா என்று ஆராய்ந்தறியும் வேலை கேட்பவர் தலையில் விழுகின்றது. நாட்டுப்புற வைத்தியர் ஒருவருக்கு அதற்கு நேரமேது? தலைவரை நம்பலாம் என்பதற்காகவன்றோ அவர் சங்கத்திற் சேர்ந்தார்!

இவற்றையெல்லாம் கூட்டி நோக்குமிடத்து, அத்தகைய சங்கத்துக்குத் தலைமை தாங்குவோர் தம் பெயரில் ஒரு நோயாளர் பதிவேட்டை இன்னும் வைத்திருப்பவராயிருத்தல் வேண்டும் என்பதே பொருத்தமான நிலைப்பாடாகத் தோன்றுகின்றது. நிபுணரின் அறிவு அங்கு ஆலோசனைக்குரியது, இன்றியமையாததும் கூட. முடிவெடுக்கும் இடத்தில், அம்முடிவின் விளைவை அடுத்த திங்கட்கிழமை காலையில் ஒரு முகத்தில் காணவேண்டியவர் இருத்தல் வேண்டும். அவர் வைத்தியராகத்தான் இருத்தல் வேண்டுமென்பதில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுக்கையில், நோயுற்றவனையும் வைத்தியனையும் மருந்தையும் கூறியதோடு நில்லாது, உடனிருந்து பேணுபவனையும் ஒரு கூறாகச் சேர்த்தது. குருதியமுக்கத்தை அளந்து, மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கின்றாரா என விசாரித்து, ஆண்டுக்கணக்கில் நோயாளரோடு தொடர்பு வைத்திருப்போர் இன்று பெரும்பாலும் தாதியரும் மருந்தாளருமே. உறுப்புரிமை அவர்களுக்கு உண்டெனின் தலைமையும் உண்டென்பது தர்க்கரீதியானது. ஏணி இன்னும் நிற்குமிடங்களில் இது எளிதிற் செரிக்கப்படாது.

இந்நிலைப்பாட்டுக்கு எதிராகக் கூறத்தக்க வலுவான நியாயம் ஒன்றுண்டு. பதிவேட்டை முழுமையாகக் கவனிப்பவருக்குத் தலைமை தாங்க நேரமிராது. தலைமை தாங்குபவர் பதிவேட்டைப் புறக்கணிக்க நேரிடும். பொது வைத்தியர் கல்லூரியின் முதற் தலைவராக 1953இல் தெரிவான வில்லியம் பிக்கிள்ஸ், யோக்சயரின் பள்ளத்தாக்கொன்றிலே தமது நாட்டுப்புற வைத்தியப் பணியை விடாமலே அப்பதவியை வகித்தார். அது சிறு கல்லூரி, அமைதியான பள்ளத்தாக்கு. இன்றைய சங்கத் தலைவரை அமைச்சுக் கூட்டங்களும் மாநாடுகளும் வாரத்திற் பல நாட்கள் அழைக்கின்றன. ஆட்சியை விரும்பாதவனே ஆளத்தக்கவன், தன்னிலும் தாழ்ந்தவனால் ஆளப்படும் தண்டனைக்கு அஞ்சியே அவன் பதவியை ஏற்கின்றான் என்று பிளேற்றோ கூறுவார். பதிவேட்டை விட்டுப் பிரிய மனமில்லாதவரே இங்கு அத்தகைய விருப்பமிலி. அவரைப் பதவிக்குக் கொணர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் திருப்பி அனுப்புவதற்கு வழியுண்டு. அவர் மாநாட்டில் இருக்கும் நாட்களில் அவருடைய அறையிலிருந்து நோயாளரைப் பார்ப்பதற்குப் பதில் வைத்தியர் ஒருவரைச் சங்கம் அமர்த்த வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். உறுப்பினரின் சந்தா அதற்குப் போதாதெனின், அப்பணத்தை மனமுவந்து தர முன்வருவோர் யார் என்பதை ஒவ்வொரு பொருளாளரும் அறிவர்.